என்னைத் தாண்டித் தேடிய நைனா

ஹாம்பர்க்கில் என் வீட்டுக்குக் கீழே உள்ள ரொட்டிக் கடைக்குள் இன்றும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைகிறேன். நேராகவே போகலாம், கதவு அகலமானது. பாதி உடம்பு போய்விட்டது என்பது என் தோள்களுக்கு இன்னும் தெரியவில்லை. கடைக்காரப் பெண்மணி ஒருநாள் முதுகு வலியா என்று கேட்டார். விளக்கும் அளவுக்கு ஜெர்மன் வராததால் ஆமாம் என்றேன். மறுநாள் தடவிக்கொள்ள ஒரு களிம்பைக் கொடுத்தார்.

எனக்கு ஊர் திருப்பதிக்குத் தெற்கே கார்வேட்டிநகரம் பக்கம். ஜெர்மனிக்குக் கிளம்பும் முன், நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவோடு திருமலைக்கு நடக்கப் போனேன். அடிவாரத்து அலிபிரியில் படி கொஞ்சம் ஏறியதுமே மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். அவர் கீழே கூட்டிவந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றினார். மலை வளைவுகளில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பிறகு ஜெர்மனியில், எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டதை வீட்டில் சொல்லவில்லை. கத்தி என்றாலே நைனாவுக்குப் பயம். வீடியோவைத் தவிர்த்துக் குரலிலேயே சமாளித்தேன்.

ஊரைவிட்டுப் போனவர்களுக்குத் தெரியும், நம்மைத் தேடும் கண்களுக்காகத்தான் அவ்வளவு தூரம் வருகிறோம். இந்த முறை திருப்பதி ஸ்டேஷனில் அந்தக் கண்கள் என்னைத் தாண்டிப் போயின. “நைனா” என்றேன். குரலுக்குத் திரும்பியவர், என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் தேடினார். புரிந்ததும் ஓரமாக இழுத்துப் போனார்.

“என்னா நோவும்மா? மறைக்காத சொல்லு.”

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாதிதான் நம்பினார். நம்பவைக்க எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. மறுநாள் விடிந்ததும் அலிபிரிக்கு அழைத்துப் போனேன்.

ஏறினேன். முன்பு உட்கார்ந்த இடம் எதுவென்று கவனிக்கும் முன்பே அதைக் கடந்திருந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் மூச்சு வந்துகொண்டே இருந்தது. இது யாருடைய மூச்சு என்று வியந்தபடியே பாதி வழியில் வரும் காலிகோபுரம் வரை போய்விட்டேன். நைனாதான் பின்தங்கி வந்தார்.

வெயிலுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேல்கையில் தோல் காலிப் பை போலத் தொங்கியது. மறைக்கப் போனேன். அவர் அதை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். இதையும் அறுத்துவிடுவார்களா என்று கேட்டார். விரும்பினால் செய்துகொள்ளலாம் என்றேன்.

“இது இருக்கட்டும்மா. மொகத்தப் பாத்தா யாரோ மாதிரி கீற. இதப் பாத்தாத்தான் எம்பொண்ணுன்னு தெரியுது.”

கீழே திருப்பதி வெயிலில் பரந்து கிடந்தது. மேலே இன்னும் படிகள் இருந்தன. கால்கள் ஏறச் சொல்லிப் பரபரத்தன. கையை மட்டும் நைனாவின் உள்ளங்கையிலிருந்து நான் எடுக்கவில்லை.