ஊர் வாயும் பாப்பா வாயும்

அந்தச் சின்னக் கிண்ணத்தில் எப்போதும் பருப்புச் சோறு குழைந்திருக்கும். அதைக் கையில் எடுத்தாலே அண்ணியின் முகம் மாறிவிடும். அண்ணன் மகள் பாப்பா குறைமாதத்தில் பிறந்தவள், மெலிந்த குழந்தை. டாக்டர் நன்றாகத்தான் வளர்கிறாள் என்றார். ஆனால் மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதோடு விடவில்லை. "ஏம்மா, பால் பத்தலையா? எளச்சே கெடக்குது?" என்று அண்ணியைத்தான் கேட்டார்கள். ஊர் வாயை மூடுவதற்காக அவர் பாப்பாவின் வாயைத் திறக்கப் பாடுபட்டார். அது எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

பாப்பா பஸ்ஸைக் கண்டால் மட்டும் வாய் திறப்பாள். கல்லூரி விடுமுறையில் இருந்த நானும் அண்ணியும், நிலையத்தில் நிற்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஊட்டுவோம். ஒருநாள் ஊட்டும் மும்முரத்தில் பஸ் கிளம்பியதையே கவனிக்கவில்லை.

"எங்கங்க போவணும்?" என்றார் கண்டக்டர்.

"எங்கயும் போவலைங்க. பாப்பாவுக்குச் சோறு ஊட்டறோம்" என்றார் அண்ணி.

"அப்ப பாலக்கோடு வரைக்கும் ஊட்டுங்க!"

பஸ்ஸே சிரித்தது. அண்ணிக்கு அழுகை முட்டியது. அதற்குள் பாப்பா, பக்கத்து இருக்கைப் பெண் தின்றுகொண்டிருந்த வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை எட்டிப் பிடித்துவிட்டாள். அவர் கொஞ்சம் பிட்டுக் கொடுக்க, இரண்டு கைகளாலும் அப்பிக்கொண்டு தின்றாள். அண்ணி பதறி வாங்கப் போனார், பாப்பா விடவில்லை.

"அடேயப்பா! புடிச்சா உட மாட்டேங்கறா. கெட்டிக்காரிங்க உங்க பொண்ணு!" என்றார் அந்தப் பெண்.

பாப்பா பிறந்ததிலிருந்து எடையைத் தவிர வேறெதைப் பற்றியும் யாரும் பேசி அண்ணி கேட்டதில்லை. மகளை அப்போதுதான் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், பாலக்கோடு வரும்வரை நிறுத்தவில்லை.

நான் போனில் சொல்ல, அண்ணன் பதறியடித்து பைக்கில் வந்தார். முகமெல்லாம் கிழங்கோடு பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். அண்ணி அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குப் பசிக்குதுங்க."

ஓட்டலில் பூரியை ரசித்துத் தின்றார். அண்ணன் கேட்காமலே இன்னொரு செட் சொன்னார். அத்தனை மாதமும் அண்ணி நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

பாப்பா இப்போது பள்ளிக்குப் போகிறாள். இன்றும் மெலிவுதான், ஓட்டத்தில் அவளைப் பிடிக்க முடியாது. செல்போனைக் காட்டிக் குழந்தைக்கு ஊட்டத் திணறும் தாய்மாரைப் பார்த்தால் நான் குழந்தையைப் பற்றி எதுவும் கேட்பதில்லை. "நீ சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்கிறேன்.