அக்காவின் ஏசல் பாட்டும் அதற்குக் கிடைத்த மதிப்புரையும்

எனக்குத் தாய்க்கு அடுத்தபடியாக இருந்த அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவர்களுடைய நற்குணங்களை மட்டும் எதிர்பார்ப்பீர்கள். அவற்றையும் எழுதுகிறேன். ஆனால் அவர்களுக்கு நடந்த துரோகத்தை விட்டுவிட்டு எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்கா எங்கள் மலையின் குண்டூர் நாட்டில் பிறந்தார்கள். தந்தையார் இறந்தபோது நான் தவழும் குழந்தை. சாமைக் காட்டில் களையெடுத்து, மிளகு பறித்து, அம்மாவுக்குத் தோள் கொடுத்து என்னை வளர்த்தார்கள். பின் அரியூர் நாட்டில் வாழ்க்கைப்பட்டார்கள். நான் அடிவாரத்தில் தங்கி நாலு எழுத்துப் படித்ததும் அவர்கள் பிடிவாதத்தால்தான். கோபம் வந்தால் கூரை அதிரும், அடுத்த நிமிடமே, "சாப்ட்டியா சாமி?" என்பார்கள்.

மலை முழுவதும் அவர்களைத் தெரிந்தது ஏசல் பாட்டால். கல்யாணத்தில் முறைக்காரர்களை ஒவ்வொருவராகக் கேலி செய்து பாடுவது எங்கள் வழக்கம். மூக்கு, நடை, கஞ்சத்தனம் எதுவும் தப்பாது. பாட்டில் ஏச்சு வாங்கியவர் உறவு, வாங்காதவர் அன்னியர். தன்னைப் பாட மறந்துவிட்டார்கள் என்று பந்தியில் உட்காராமல் போனவர்களும் உண்டு.

எங்கள் தாய்மாமன் மிளகு வியாபாரத்துக்காக அடிவாரம் போய்வருகிறவர், படித்தவர் என்று பெயர் எடுத்தவர். அவர் ஒரு கல்யாணத்துக்குப் பட்டணத்துப் பத்திரிகைக்காரர் ஒருவரை அழைத்து வந்தார். இசைத்தட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவராம். வந்த விருந்தாளியை அன்னியராக விடலாமா? அக்கா அவரையும் சேர்த்துப் பாடினார்கள்:

"கண்ணாடி போட்ட மச்சான்
கல்லேறி வந்த மச்சான்
சாமைச் சோத்தை மோந்து பாத்தா
சந்தனமா மணக்கும் மச்சான்?"

"உங்களை உறவாச் சேத்துட்டாங்க, கோவிச்சுக்காதீங்க" என்று மாமா அவரிடம் சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு தரம் பாடச் சொல்லியும் கேட்டார்.

அதன் பிறகு மாமாவே முன்னின்று அக்காவைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய் ஏசல் பாட்டைப் பிளேட்டில் பதிய வைத்தார். அடிவாரத்தில் கிராமபோன் கடை வைத்திருந்த பாய், பெட்டியைத் தலைச்சுமையாக ஏற்றி அனுப்பிச் செம்மேட்டுச் சந்தையில் பாட விட்டார். சனங்கள் வந்த வேலையை மறந்து நின்றார்கள்.

"வந்த பிளேட்டெல்லாம் போயிருச்சுங்க, இன்னும் கேட்டு எழுதியிருக்கேன்" என்று பாய் பூரித்துப்போனார். மாமா, "எங்கக்கா புள்ள பாட்டு" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பிறகு அந்தப் பத்திரிகைக்காரரின் மதிப்புரை வந்தது. சந்தையில் மாமாதான் அதைப் படித்துக் காட்டினார். பாட்டு என்ற பெயரில் வசைக் கூச்சலாம், குடும்பப் பெண்கள் கேட்கத் தகாததாம், விருந்துக்கு வந்தவரையே இழிவு செய்யும் நாக்காம். எங்கள் சோற்றைத் தின்று, சிரித்து, திரும்பப் பாடச் சொன்ன வாயா இது? போகட்டும், அவர் நமக்கு யார்?

அக்கா கூட்டத்தின் நடுவே வந்து நின்றார்கள்.

"ஏனுங்க மாமா, அது நம்ம முறைன்னு நீங்கதானுங்களே அவருக்குச் சொன்னீங்க? இவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாமா பத்திரிகையை மடித்தார். அந்தப் பெரிய மனிதரின் சிநேகம் அவருக்கு இன்னும் வேண்டியிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலியே கண்ணு. அவரைப் பாட வேண்டாம்னுதான் தடுத்தேன். படிச்சவங்க சும்மா எழுதுவாங்களா?"

கல்யாணத்தில் மாமா சொன்னதை நான் என் காதால் கேட்டேன் என்று சொன்னேன். தம்பி வேறு எப்படிப் பேசுவான் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். சொந்த மாமனே தடுத்தாராமே என்ற பேச்சு மலையெல்லாம் பரவியது. தலையாட்டிக் கேட்டவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். புகுந்த வீட்டில் வாயை மூடச் சொன்னார்கள். அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்துக்கும் அக்காவைப் பாடக் கூப்பிடவில்லை. காட்டு வேலையிலும் அவர்கள் முணுமுணுக்கக்கூட இல்லை.

சில வருடங்கள் கழித்து மாமாவின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. ஏசல் இல்லாத பந்தலில் உட்கார மாட்டோம் என்று சம்பந்தி வீட்டார் சொல்லிவிட, மாமா வேறு வழியில்லாமல் அக்காவின் வாசலில் வந்து நின்றார். போகவே கூடாது என்று நான் குதித்தேன்.

"கல்யாணப் பையன் என்ன பண்ணினான்? வாரேனுங்க மாமா" என்றார்கள் அக்கா.

அன்று பாடினார்கள் பாருங்கள்! மாப்பிள்ளை, சம்பந்தி, சமையற்காரர், மேளக்காரர், மூலையில் உட்கார்ந்திருந்த பாய் வரை ஒருவரையும் விடவில்லை. மாமா புது வேட்டி கட்டி முன்னால் உட்கார்ந்து தன் முறைக்காகக் காத்திருந்தார். அவரைப் பற்றி ஒரு வரி வரவில்லை. பந்தியில் சாப்பிட்டுவிட்டு அக்கா வீடு திரும்பினார்கள். மறுபடி எல்லோரும் பாட அழைத்தார்கள், அவர்களும் போனார்கள். எந்தப் பந்தலிலும் மாமாவை மட்டும் பாடியதில்லை.

சென்ற மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் அக்காவை விடவில்லை. டோலி கட்டி அடிவாரத்து வைத்தியரிடம் சுமந்துபோன அரியூர் நாட்டு இளைஞர்களுக்கும், முறைவைத்துக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பெண்களுக்கும், துக்கச் செய்தி கேட்டுக் கடையை அடைத்துவிட்டு மலையேறி வந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

மாமாவும் வந்தார். தடியூன்றி மேடேறி வந்து அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "ஒரே ஒரு வரி என்னை ஏசிட்டுப் போயிருக்கக் கூடாதா கண்ணு?" என்று அழுதார். வந்ததற்காக அவருக்கும் நன்றி. என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். அதைக் கொடுக்க நான் யார்? கொடுக்க வேண்டியவர்கள் கண்ணை மூடிக் கிடந்தார்கள்.