மஸ்தான் பாயின் பர்னர் ஊசி

பர்னர் இரண்டையும் கழற்றிச் சோடா உப்பு கரைத்த சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படித் தரையில் உட்காருகிறார் மஸ்தான் பாய். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. தொழுகைக்கு முன்னால் கடையையும் திறந்தாக வேண்டும், ஆனாலும் அவசரம் கிடையாது. ஊறிய பித்தளையை எடுத்துத் தையல் மிஷின் ஊசியால் ஒவ்வொரு துளையாகக் குத்துகிறார். அரூர் கடைத்தெருவில் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவர், ஊசிக்குப் பஞ்சமில்லை.

அடுத்து டியூப். சோப்பு நுரையை விரலால் தடவி, ரெகுலேட்டரைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். "நொரையில முட்ட வந்தா லீக்குங்க. வரலீன்னா ஒரு வாரத்துக்கு நிம்மதி."

பற்றவைத்ததும் தீயைப் பார்க்க மாட்டார், தலையைச் சாய்த்துக் கேட்பார். சீராக உஸ்ஸென்றால் சரி. படபடத்தால் மறுபடியும் கழற்றல்தான்.

இத்தனையும் நடக்கும்போது அவர் மனைவி வஹிதா கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பாள். "மிஷினுன்னு எதப் பாத்தாலும் கழட்டாம இருக்க மாட்டாருக்கா. நா என்னா பண்றது?" என்று அலுத்துக்கொள்வாள். அந்த அலுப்புதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் வீட்டுக்காரர் குப்புராஜ் தின்ற தட்டை நகர்த்திக்கூட வைக்க மாட்டார். நானோ கேஸுக்குப் பதிந்துவிட்டு ஐந்து வருஷமாக மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகத் தெரியும் அந்த நீலத் தீ ஒரு நாளாவது புகைந்து தொலையட்டும் என்று நினைத்ததுண்டு. பொய் சொல்வானேன்.

போன தை மாதம் எனக்கும் கேஸ் வந்தது. வஹிதா வீட்டு அடுப்பை மிஞ்ச வேண்டுமே! வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கு தேய்த்த கையோடு பர்னருக்கும் புளி, சாம்பல் போட்டு அழுத்தித் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. மூன்றாவது வாரம் தீ மஞ்சளாகிப் பாத்திரமெல்லாம் கரி.

"இதுக்கு வெறகே தேவல. ஞாயித்துக்கெழம சேலத்துலேர்ந்து எந்தங்கச்சி வர்றா, தூக்கிக் குடுத்துட்றேன்" என்றார் குப்புராஜ். அவர் சொன்னால் செய்கிறவர். மறுநாள் காலை, வெட்கத்தை விட்டு மஸ்தான் பாயைக் கூப்பிட்டேன்.

முதலில் சிலிண்டரை மூடினார். பர்னரைக் கழற்றி ஒரு பேப்பரின் மேல் கவிழ்த்துத் தட்டினார். சாம்பல் கட்டியும் புளி நாருமாக உதிர்ந்தன. ஒரு நாரை விரலில் உருட்டிப் பார்த்தார். அரைமணி நேரம் குத்தி, கழுவி, துடைத்து, காயவைத்து மாட்டினார். என் அடுப்பிலும் நீலம் எழுந்தது. இந்த மனுஷன் வஹிதாவுக்கு வாய்த்திருக்கிறாரே என்று அப்போதும் மனசு பொருமியது.

சத்தம் கேட்டுக் குப்புராஜ் உள்ளே வந்தார். "என்னா பாய், இவ எதுனா போட்டுக் கெடுத்துட்டாளா?"

பேப்பர் தரையில் விரிந்தபடியே கிடந்தது. சாம்பலும் நாரும் அதன்மேல்தான்.

"அதெல்லாம் இல்லீங்க. புதுசுல அப்பிடித்தான் அடச்சிக்கும். யக்கா நல்லாத்தான் வெச்சிருக்குது" என்ற மஸ்தான் பாய், பேச்சோடு பேச்சாகப் பேப்பரை நான்காக மடித்துத் தன் வெள்ளைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.