பூந்தோட்டம் பார்க்க வந்த அன்னைக்கு

1997ஆம் வருசம். கஹவத்தை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல வேலை செஞ்சேன். மூத்த மகளுக்கு அப்ப நாலு மாசம்.

எங்க துரை, அதான் தோட்ட மேனேஜர், இருந்த பங்களா வெள்ளைக்கார ராணி காலத்துல கட்டினது. அதைச் சுத்தி பூந்தோட்டம். படிப்படியா புல்தரை, நடுவுல கல்லுத் தொட்டி, ரோஜாப் பாத்தி, ஓரத்துல சுவரு மாதிரி கத்தரிச்சு விட்ட ஆளுயரச் செடிவேலி. கட்டின வெள்ளைக்காரன் சீமையில அவன் வீட்டுல இருந்த மாதிரியே போட்டானாம்.

அந்தப் புல்தரையில களை பிடுங்க எங்க அஞ்சு பொம்பளைங்களைப் போட்டிருந்தாங்க. குந்தி உட்கார்ந்து சின்னக் கத்தியால வேரோட எடுக்கணும். மலை ஏற வேணாம், கொழுந்து நிறுக்க வேணாம்னு மத்தவங்களுக்குப் பொறாமை. எனக்கு அந்த வேலை பிடிச்சது வேற காரணத்துக்கு. புள்ளைங்களை விட்டுட்டு வர்ற பிள்ளைக்காம்பரா, புல்தரையைத் தாண்டி படி இறங்கினா அங்கேயே இருந்துச்சு. பால் குடுக்குற தாய்க்கு காலையில ஒரு தடவை, பகலுக்கு மேல ஒரு தடவை போய்வர நேரம் உண்டு. யாரும் இரக்கப்பட்டுக் குடுத்தது இல்ல. சட்டம்.

ஒருநாள் கொழும்புல இருந்து ஆளுங்க வர்றதா சொன்னாங்க. பழைய காலத்துப் பூந்தோட்டமா தேடிப் பார்க்குறவங்களாம். அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே தெரியணும்னு துரை சம்சாரம் துரைசாணிக்கு ஆசை. இடுப்புல சாக்கு கட்டின பொம்பளைங்க நடுவுல குந்தியிருந்தா நல்லா இருக்காதுன்னுட்டாங்க. கங்காணி வந்து, அவங்க போறவரைக்கும் வேலிக்குப் பின்னாடி இருக்கச் சொன்னாரு. ஸ்டோருல துருப்பிடிச்சுக் கிடந்த புல்லு வெட்டுற மெஷினுக்குப் பச்சை பெயிண்ட் அடிச்சு புல்தரையில கொண்டாந்து நிப்பாட்டினாங்க. அது ஓடி நாங்க யாரும் பார்த்ததில்ல.

வேலிக்குப் பின்னாடி ஆள் குந்த மட்டும்தான் இடம். அதுக்கு அங்கிட்டு பள்ளம். வெளிய வரணும்னா புல்தரை வழியாத்தான் வரணும். ஒரே ஈரம். அட்டை காலுல ஏறுச்சு.

எங்க அஞ்சு பேருல பக்கத்து லயத்து வீட்டு மதினி மெதுவா சொன்னா, "நம்மளப் பார்த்தா ரோஜா வாடிப் போயிருமாம்டி."

"பெயிண்ட் மிச்சம் இருந்தா நமக்கும் பூசியிருக்கலாம். புல்லோட புல்லா இருந்திருப்போம்"னா இன்னொருத்தி.

வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சோம். அப்ப சிரிப்பு வந்துச்சு.

அவங்க வந்ததே பிந்தி. வந்தவங்க ஒவ்வொரு பூவா நின்னு பார்த்தாங்க. நான் பால் குடுக்கப் போற நேரம் தாண்டிருச்சு. கொஞ்ச நேரத்துல பிள்ளைக்காம்பரா பக்கமிருந்து அழுகை கேட்டுச்சு. அங்க எத்தனையோ புள்ளைங்க. ஆனா என் புள்ள குரல் எனக்குத் தெரியாதா? பால் ஊறி ரவிக்கை நனைஞ்சு போச்சு.

வேலி ஓரத்துல நின்ன கங்காணிகிட்ட, "மாமா, புள்ள அழுகுது. போயிட்டு வந்திர்றேன்"னேன்.

"கொஞ்சம் பொறு புள்ள. இப்பப் போனா என்னையத்தான் தொலைச்சிருவாங்க"ன்னாரு. அவரும் பாவம். பொறுத்தேன். அழுகை நிக்கல.

அந்த நேரம் வேலிக்கு அந்தப் பக்கம் வந்தவங்கள்ல ஒரு நோனா அம்மா துரைகிட்ட சிங்களத்துல கேக்குறாங்க, புல்தரை இவ்வளவு சுத்தமா இருக்கே, யாரு பார்த்துக்குறதுன்னு. துரை சொன்னாரு, ஒரு தோட்டக்காரன் இருக்கான், அந்த மெஷின் இருக்கு, மத்தபடி அந்தக் காலத்துல போட்டதுதான் அப்படியே நிக்குதுன்னு.

எங்க அஞ்சு பேருக்கும் சிங்களம் தெரியும். யாரும் இப்ப சிரிக்கல.

நான் எந்திரிச்சேன். வேலியைச் சுத்தி வந்து புல்தரைக்கு நடுவால நடந்தேன். ஓடல. இடுப்புல சாக்கு, காலுல அட்டை கடிச்ச ரத்தம்.

"எங்க போற?" துரை தமிழ்லதான் கேட்டாரு.

வந்தவங்களுக்கும் விளங்கட்டும்னு நான் சிங்களத்துல சொன்னேன். "புள்ளைக்குப் பால் குடுக்கப் போறேன். அங்க அழுகுறது என் புள்ளதான். இந்தப் புல்லுல களை எடுக்குறது நாங்க. மிச்சம் நாலு பேரு வேலிக்குப் பின்னாடி இருக்காங்க."

எல்லாரும் ஒருக்கா வேலியைப் பார்த்தாங்க. அப்புறம் அந்த நோனா, நடுவுல இருந்த கல்லுத் தொட்டி எத்தனை வருசம் பழசுன்னு துரைகிட்ட கேட்டாங்க. நான் படி இறங்குறப்ப அதுதான் என் காதுல விழுந்துச்சு.

புள்ளைக்குத் தொண்டை கட்டிப் போயிருந்துச்சு. முதல்ல வாயே வைக்கல. விம்மி விம்மி அடங்கின பிறகுதான் குடிச்சா. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் அசையல.

திரும்பிப் போனப்ப வேலிப் பக்கம் போகல. புல்தரையில காலையில விட்ட இடத்துலயே குந்தி களை எடுத்தேன். மதினியும் வந்து பக்கத்துல குந்தினா. அப்புறம் மத்தவங்களும் வந்தாங்க. கொழும்பு ஆளுங்க பங்களா வராந்தாவுல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கங்காணி எங்களைத் தடுக்கல.

மறுநாள் என்னை மட்டும் மேல்மலைக்குக் கொழுந்தெடுக்க மாத்திட்டாங்க. எங்க யூனியன் தோட்டத் தலைவர் துரைகிட்ட போய்க் கேட்டாரு. மன்னிப்புக் கேட்டா திரும்பப் பங்களா வேலைக்குப் போடுறதா துரை சொன்னாராம். நான் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? மலையில இருந்து இறங்கி வந்து பால் குடுத்துட்டு ஏற, குடுக்குற நேரம் பத்தாது. பாதி நாள் போகவே முடியல. நெஞ்சுல பால் வத்திப் போச்சு. கைப்புள்ளைக்குப் பால்மா கரைச்சுக் குடுத்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறல. ஆறணும்னும் நான் நினைக்கல.

ஒரு பச்சைப்புள்ள அழுகுறதைக் கேட்டுக்கிட்டே மனுசங்களால நின்னு பூ பார்க்க முடியும்னு அன்னைக்குத்தான் கண்டேன். அதுக்கப்புறம் எந்த அழகான இடத்துக்குப் போனாலும், இங்க யாரை மறைச்சு உட்கார வச்சிருக்காங்கன்னுதான் என் கண்ணு முதல்ல தேடுது.