வாழைப்பூவை அறுத்த செல்லையா வாத்தியார்

செல்லையா வாத்தியார் காலமான செய்தியைப் பள்ளிக்கூடப் பியூன் வந்து சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை, மோர் வரைக்கும் சாப்பிட்டு முடித்தேன். அவரோடு பழகிய உங்களுக்கு இது மரியாதைக்குறைவாகப் படும். படட்டும். ஆண்டு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னீர்கள். என்னிடம் இருப்பதைத்தானே எழுத முடியும்?

தூத்துக்குடியில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். நான் கணக்கு, அவர் தாவர சாஸ்திரம். பாடம் நடத்துவதில் அவரை அடிக்க ஆள் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கொன்றைச் சரத்தைத் தூக்கிப் பிடித்து, அடிப்பூதான் முதலில் மலரும், நுனி மொட்டாகவே நீளும் என்பார். மல்லிகைக் கொத்தைக் காட்டி, இங்கே நடுப்பூவுக்குத்தான் முதல் மரியாதை என்பார். "பூவைப் பார்த்து மயங்காதீங்க, அது காம்பில உட்கார்ந்திருக்கிற வரிசையைப் பாருங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. மனிதர்கள் உட்கார்ந்திருக்கிற வரிசை மட்டும் அவர் கண்ணில் பட்டதே இல்லை. விழா மேடையில் தலைமையாசிரியர் கழுத்து மாலையிலிருந்து ஒரு செவ்வந்தியை உருவி, "இது ஒரு பூ இல்ல சார், ஒரு கூட்டம்" என்று பிய்த்துக் காட்டிய ஆள் அவர்.

யுத்த காலத்தில் என் தங்கை கோமதிக்குக் கல்யாணம் வைத்தோம். ஏரலிலிருந்து குலை தள்ளிய வாழை இரண்டு கொண்டுவந்து, பூவோடு பந்தல் வாசலில் கட்டியிருந்தோம். காலையில் முதல் ஆளாக வந்த செல்லையா வாத்தியார், வகுப்புக்கு வேண்டுமென்று பேனாக்கத்தியால் இரண்டு பூவையும் அறுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உடன்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் கருப்பட்டி வியாபாரி. வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தலையறுத்த வாழையைக் கட்டி வச்சிருக்கிய. எங்க வம்சம் அத்துப்போகணும்னா கூப்பிட்டிய?"

வேறு வாழை கட்டுகிறோம் என்று கெஞ்சினேன். அவரும் கொஞ்சம் இறங்கி வந்தார். அந்த நேரம் பார்த்து செல்லையா வாத்தியார் முன்னால் வந்தார். மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பையிலிருந்து பூவை எடுத்து மடலை உரித்தார்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. நுனியில இருக்கது பூராவும் ஆண் பூ. இது காய்க்கவே காய்க்காது. இத அறுத்ததுல என்ன கொறஞ்சு போச்சு?"

"கல்யாண வாசல்ல நின்னுக்கிட்டு காய்க்காதுன்னு சொல்லுதான். ஏலே, வண்டியத் திருப்பு!"

வண்டிகள் திரும்பிவிட்டன. கோமதி உள்ளே மாலையோடு உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு வந்த வரன்களெல்லாம் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நழுவின. அவள் இன்றைக்கும் என் வீட்டில்தான் இருக்கிறாள்.

யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது. எதிர்ப்படும்போதெல்லாம் அவர், "நான் சொன்னதில என்ன சார் தப்பு?" என்றுதான் கேட்டார். சொன்னதில் தப்பு இல்லைதான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

கேத வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது கோமதி வாசலில் நின்றாள்.

"கடைசியில என்னயப் பத்தி ஏதும் சொன்னாராண்ணே?"

"இல்லளா" என்றேன்.

அவர் நினைவாக எங்கள் வீட்டில் இருப்பது கோமதியின் அந்தக் கேள்வி ஒன்றுதான். ஆத்மா சாந்தியடையட்டும் என்பதை நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு வாய் வரவில்லை.