பெரியப்பா குத்திக்கொள்ளாத மெடல்

எங்கள் வீட்டில் அப்பா இந்தியர், பெரியப்பா பிரெஞ்சுக்காரர். கூடப்பிறந்த அண்ணன் தம்பிதான். இரண்டு பேருக்கும் ஒரே சப்பை மூக்கு. பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை விட்டுப் போன பிறகு, எந்த நாடு வேண்டும் என்று கேட்டார்களாம். அவர்கள் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா பிரான்சு என்றார். மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த அப்பா சும்மா இருந்துவிட்டார்.

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய பெரியப்பாவைத் தெருவே 'சொல்தா' என்றுதான் சொல்லும். பட்டாளத்துக்காரருக்கு எங்கள் ஊரில் அதுதான் பேர். ஜூலை பதினாலு பிரான்சின் தேசிய நாள். அன்று கோட்டு மாட்டிக்கொண்டு, மற்ற சொல்தாக்களோடு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்கு அணிவகுத்துப் போவார். அவருடைய மூன்று மெடல்களையும் புளி போட்டுத் தேய்ப்பது என் வேலை. நான் தேய்க்கத் தேய்க்க அவர் சண்டைக் கதை சொல்வார். இருப்பதிலேயே பெரிய மெடல், பிரான்சிடம் விடுதலை கேட்ட அல்ஜீரியாக்காரர்களோடு சண்டை போட்டு வாங்கியது. அந்தக் கதை மட்டும் சீக்கிரம் முடிந்துவிடும்.

எண்பதுகளின் தொடக்கம். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பாரிசில் வேலை பார்த்த பெரியப்பா மகன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினான். அண்ணன் வந்தால் சாக்லேட் வரும். இந்தத் தடவை சாக்லேட் இல்லை. அவனுக்கு முன்பல்லும் இல்லை. ரயில் படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். பகலெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடந்தான்.

ஜூலை பதினாலு காலையில் பெரியப்பா அவனுக்கும் ஒரு கோட்டு எடுத்து வைத்தார். மகனோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை.

"எழுந்து கெளம்புடா. நீயும் பிரெஞ்சுக்காரன்தான?"

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே பேசினான். "அதத்தாம்பா நானும் சொன்னேன், நாலு பேரு சேந்து அடிக்கறப்போ. அல்ஜீரியாக்காரன்னு நெனச்சிட்டானுங்க. பிரெஞ்சுக்காரன்னு சொன்னதும் சிரிச்சிட்டு மறுபடி அடிச்சானுங்க."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பெரியப்பா கையிலிருந்த கோட்டைக் கட்டிலில் வைத்தார்.

"அல்ஜீரியாக்காரன்னா நெனச்சானுங்க?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு இரண்டு மெடலைக் குத்திக்கொண்டு தனியாகக் கிளம்பினார். பெரிய மெடல் தட்டிலேயே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஓடினேன்.

"பெரியப்பா, இத மறந்துட்டீங்க!"

"வேணாம் பாப்பா. உள்ள வச்சிடு." அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் சரியாகத் தேய்க்கவில்லை, அதனால்தான் வேண்டாம் என்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து இன்னும் கொஞ்சம் புளி எடுத்துக்கொண்டு, அந்த மெடலை மறுபடியும் தேய்க்க உட்கார்ந்தேன்.