மலைக்கோட்டையைப் பார்க்காத அய்யங்கார்

சென்ற வாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து டவுனுக்குப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் பளிச்சென்று நாமம் போட்ட ஓர் இளைஞர். திருவானைக்காவல் கோபுரம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பாலத்தில் ஏறி மலைக்கோட்டை தெரிந்ததும் இன்னொரு தடவை. பாலம் இறங்கியதும், சினிமாத் தட்டியில் அவதார வேஷத்தில் நின்ற நடிகருக்கும் ஒன்று போட்டார். கை பழகிவிட்டது, பாவம். கண்ணைக் கேட்காமலே தன் காரியத்தைப் பார்த்துக்கொள்கிறது. எனக்குச் சேஷாத்ரி அய்யங்காரின் ஞாபகம் வந்துவிட்டது. அவராக இருந்தால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கியிருப்பார்.

யுத்தத்துக்கு முந்திய நாட்கள். மலைக்கோட்டைக்குக் கீழே பெரிய கடைவீதியில், ஒரு ராவுத்தரின் ஜவுளி மண்டியில் எனக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம். ‘தங்கள் கடிதம் கிடைத்தது, சரக்கு அனுப்பியுள்ளோம்’ என்று எழுதி முடித்தபின், ஆத்மா உண்டா இல்லையா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். அந்த வயதில் அது ஒரு வியாதி. புதுத்துணிக் கஞ்சி வாசனைக்கு நடுவே உட்கார்ந்து யோசித்ததாலோ என்னவோ, இன்றைக்கும் யாராவது வேதாந்தம் பேச ஆரம்பித்தால் எனக்கு மல்லுத்துணி வாசனை அடிக்கிறது.

அய்யங்கார் அங்கே கணக்கர். ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே வருவார். சிவன் கோயில் கண்ணில் பட்டாலே ஆசாரம் கெட்டுவிடும் என்கிற கட்சி. அப்படிப்பட்டவர் பிழைக்க வந்த இடத்தைப் பாருங்கள்! வழியில் ஆனைக்கா. எதிரே, தாயுமானவரைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊர் முழுவதும் பார்க்கட்டும் என்று நிற்கிற ஒரு மலை. அவருக்குத் துணை ஒரு குடைதான். ஆனைக்கா தாண்டும்வரை அது இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாலத்தில் ஏறியதும் முகத்துக்கு நேரே வந்துவிடும். ஒருநாள் அப்படியே போய் ஒரு வைக்கோல் வண்டிக்குள் நுழைந்துவிட்டார்.

“சாமி, கண்ணு தெரியலன்னா ஒரு குச்சிய ஊனிக்கிட்டு வாங்க” என்றானாம் வண்டிக்காரன்.

“தெரியறதுதாண்டா கஷ்டமே” என்றாராம் இவர், குடுமியிலிருந்து வைக்கோலை எடுத்தபடி.

ராவுத்தருக்கு இதில் தீராத சந்தோஷம். “அய்யங்காரே, அவரு மலை நிழல்ல உக்காந்துதானே சம்பளம் வாங்குறீங்க? அது மட்டும் பரவாயில்லையா?”

“நிழல் வெறும் நிழல்தான் ராவுத்தரே. அதுக்கு விபூதியா பூசியிருக்கு?”

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த மண்டிக்கு, ஒருநாள் காலை அய்யங்கார் தோளில் ஒரு வாழைத்தாருடன் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. ஒரே பெண் கோமளம், பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவள் முன்பு பெற்ற இரண்டும் தங்கவில்லை. முதல்நாளிலிருந்து ஆஸ்பத்திரியில் வலி. மாப்பிள்ளையோ பம்பாயில். பெரிய உயிரையாவது காப்பாற்றப் பார்க்கிறோம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாளாம்.

திருச்சியில் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆபத்தென்றால் எல்லாருக்கும் நினைவு வருவது ஒரே இடம். காவேரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் தவித்த பெண்ணுக்கு, தானே தாயாக வந்து பிரசவம் பார்த்தவர் என்று தாயுமானவருக்கு வாழைத்தார் நேர்ந்துகொள்வார்கள். அய்யங்காரின் மனைவி, மாமி, நேர்ந்துகொண்டுவிட்டாள். “தாரைச் சேர்த்துட்டு வாங்கோ. இல்லேன்னா இங்க வராதேங்கோ” என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொல்லியனுப்பிவிட்டாள்.

“ஓய், நீர் கொண்டுபோய் வெச்சுடும்” என்றார் என்னிடம். “எங்கேன்னு என்கிட்ட கேக்காதேயும்.”

“போங்க தம்பி, சீக்கிரம்” என்றார் ராவுத்தர். “நானும் தர்காவுல ஓதச் சொல்றேன்.”

ஆக, ராவுத்தர் கடையிலிருந்து, வைஷ்ணவர் வாங்கிய தாரை, கடவுள் உண்டா என்று இன்னும் முடிவு கட்டாத நான், சிவனுக்குச் சுமந்துகொண்டு படியேறினேன். மூச்சு வாங்கியபோது தத்துவம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

சந்நிதியில் குருக்கள் கேட்டார்: “யாருக்கு? பேர், நட்சத்திரம், கோத்திரம்?”

பெயர் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தாரை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே ஓடிவந்தேன். அய்யங்கார் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு வளையல் கடையைப் பார்த்தபடி நின்றிருந்தார். முதுகுப் பக்கம் குடை.

“நட்சத்திரமா?” என்றவர் திகைத்துப் போனார். ஆழ்வார் ஒவ்வொருவருக்கும் நட்சத்திரம் சொல்லுவார். ரங்கநாதருக்கு எந்த நாளில் எந்த வாகனம் என்று தூக்கத்தில் கேட்டாலும் வரும். “ஓய், எனக்கு ஞாபகம் வரலியே! என் கொழந்தை நட்சத்திரம் எனக்கு ஞாபகம் வரலியே!”

அடுத்த நிமிஷம் அவர் படியில் இருந்தார். அவர் பின்னால் ஓடத்தான் என்னால் முடிந்தது. குடை விரித்தது விரித்தபடியே மண்டபத்துக்குள் நுழைந்தார்.

“மடக்குங்கோ சுவாமி, இங்க மழை பெய்யலே” என்றார் குருக்கள்.

மடக்கினார். “பேர் கோமளம். நட்சத்திரம் தெரியலே. என் பொண்ணு. வேற ஒண்ணும் தெரியலே.”

குருக்கள் அந்த நாமத்தையும் பார்த்தார், கண்ணையும் பார்த்தார். “போறும்” என்று கற்பூரத்தை ஏற்றினார். அய்யங்கார் இமைக்கவில்லை. இமைத்தால் பெண் கைநழுவிப் போய்விடுவாள் என்பதுபோல, இத்தனை வருஷமாகப் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மத்தியானம் பையன் பிறந்தான். தாயும் பிழைத்தாள்.

மறுநாள் காலை அய்யங்கார் வந்தபோது குடை பழையபடி மலைப்பக்கமே சாய்ந்திருந்தது. ராவுத்தர் விடுவாரா? “என்ன அய்யங்காரே, காரியம் ஆனதும் மறுபடி அவர மறைச்சாச்சா?”

“அவரை எங்கே மறைச்சேன்?” என்றார் அய்யங்கார். “எந்த மூஞ்சியை அவருக்குக் காட்டறது? என் மூஞ்சியைன்னா மறைச்சுண்டு வரேன்.”

ராவுத்தர் கல்லாப்பெட்டியைத் திறந்தார். கடைக்கெல்லாம் சேர்த்து அல்வா வாங்கிவரச் சொன்னார்.

இருவருமே இப்போது இல்லை. மண்டி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் சாமான் விற்கிறார்கள். ஒரு கோபுரத்தோடு அவ்வளவு மெனக்கெட்டுப் பகைத்துக்கொள்ள யாருக்கும் இன்று அவகாசமில்லை. ஆகவே ஒற்றுமை வளர்ந்துவிட்டதாகக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள்.

போன வருஷம் கோமளத்தின் அந்தப் பிள்ளை பம்பாயிலிருந்து வந்திருந்தான். நல்ல பையன். கடைவீதிக்கு அழைத்துப் போனேன். அண்ணாந்து மலையை நேருக்கு நேராகப் பார்த்தான். நான் அவன் தாத்தாவின் குடையைப் பற்றிச் சொல்ல வாயெடுப்பதற்குள் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தான்.

“காலண்டர்ல பார்த்த மாதிரியேதான் இருக்கு, சார்” என்றான். “ரயிலுக்கு நேரமாச்சு, போகலாமா?”